கிளாரண்டன் (எழுத்துரு)

கிளாரண்டன் என்பது இலத்தீன் எழுத்துக்களுக்கான, பட்டைச் செரிஃப் வகையைச் சேர்ந்த ஒரு தடித்த எழுத்துரு ஆகும். இலண்டனில் இருந்த ஃபான் தெரு எழுத்து வார்ப்பகம் இதனை 1845 ஆம் ஆண்டில் வெளியிட்டது. வார்ப்பகத்தின் பங்காளரான ராபர்ட் பெஸ்லியின் பெயருடனேயே இது இணைத்துப் பேசப்படுகிறது. எனினும் எழுத்துக்களை எஃகில் வெட்டி உருவாக்கியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ் என்பவராவார். பிரித்தானியாவின் வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்ட முதல் எழுத்துரு எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுவதும் இதுவே. பதிவு அளித்த பாதுகாப்பு மூன்று ஆண்டுகளில் முடிவுற்றதும் ஏனைய வார்ப்பகங்கள் இதனை நகலெடுக்கத் தொடங்கின. இதனால், கிளாரண்டன் என்னும் பெயர் இன்று ஒரு தனி எழுத்துருவை விட, ஒரே சாயலுடைய பல எழுத்துருக்களைக் கொண்ட ஒரு வகையையே குறிக்கிறது.

பெயர்

ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தின் அச்சகத்துக்குக் கிளாரண்டன் அச்சகம் என்றும் பெயர் உண்டு. எழுத்துருவின் பெயர் அதிலிருந்தே பெறப்பட்டதாகக் கருதப்படுகிறது. அச்சகத்தின் பெயரோ, 17 ஆம் நூற்றாண்டு அரசியலாளரும் வரலாற்றாசிரியருமான கிளாரண்டன் பிரபு எட்வர்ட் ஹைடின் பட்டப் பெயரிலிருந்து வந்தது. விளம்பரத் துண்டறிக்கைகளுக்கும் பயன்படக்கூடிய ஓர் எழுத்துக்கு, புலமை மிக்க அச்சகம் ஒன்றின் பெயரைச் சூட்டியது நல்ல வணிக உத்தி என்றே கொள்ளவேண்டும். பிற்காலத்தில் பிரித்தானிய அச்சுத் தொழிலாளரிடையே இப்பெயர் இன்னும் விரிவான பொருளைப் பெற்றது. எந்தத் தடித்த எழுத்தையும் அவர்கள் கிளாரண்டன் என்று குறிப்பிடும் வழக்கம் ஏற்பட்டது.

பின்னணி

இலத்தீன் எழுத்துக்களின் கோடுகள் முடியும் இடங்களில் காணப்படும் சிறு குறுக்குக் கோடுகள் செரிஃப் எனப்படுகின்றன. தமிழ் எழுத்துக்களில் இதற்கு நிகரான உறுப்பு கிடையாது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியைச் சேர்ந்த பொடோனி, பிரான்சைச் சேர்ந்த டிடோ குடும்பத்தினர் ஆகியோரின் எழுத்துக்களில் செரிஃப்கள் மயிரிழை போல் மெலிந்துவிட்டன. இவை நூல்களில் அழகாக இருந்தாலும் தெருச் சுவர்களில் அவ்வளவாகப் பயன்படவில்லை.

தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தில், அச்செழுத்துக்கு அதுவரை இல்லாத ஒரு வேலை ஏற்பட்டது. நூல்களில் எழுத்து வாசகருக்காகக் காத்திருக்கிறது. சுவரொட்டியிலோ, நடந்து செல்பவரை அது தடுத்து நிறுத்தவேண்டியுள்ளது. நாடகங்கள், குதிரை வண்டிச் சேவைகள், ஏலங்கள், அரச பரிசுச் சீட்டுக்கள் ஆகியவற்றுக்கான அறிவித்தல்கள் ஒரே சுவரில் ஒன்றோடொன்று போட்டியிட்டன. இதற்கான முதல் விடையாக, வழமையான எழுத்துக்களின் தடித்த கோடுகளை மட்டும் மேலும் பெருக்க வைத்த "கொழுத்த எழுத்து" வகை உருவானது. ஆனால், இதிலும் மெல்லிய கோடுகள் மெல்லியனவாகவே இருந்தன. தொலைவிலிருந்து பார்க்கும்போது அவை மறைந்து, எழுத்து தனித்தனித் துண்டுகளாகத் தெரிந்தது.

இலண்டன் வார்ப்பாளரான வின்சென்ட் ஃபிகின்ஸ் 1810களில் "ஆன்டிக்" என்ற பெயரில் வெளியிட்ட எழுத்துக்களில் இக்குறை நீங்கியது. அவற்றில் செரிஃப்கள் உட்பட எல்லாக் கோடுகளும் ஏறத்தாழ ஒரே தடிப்பைக் கொண்டிருந்தன. செரிஃப்கள் மரப்பட்டைகளைக் குறுக்கே வைத்தாற்போல் கனத்துத் தோன்றுவதால், இத்தகைய எழுத்துக்கள் பட்டைச் செரிஃப் அல்லது ஸ்லாப் செரிஃப் எனப்படுகின்றன. அக்காலத்தில் இவற்றுக்கு "எகிப்தியன்" என்ற பெயரே பரவலாக வழங்கிற்று. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பைத் (1798–1801) தொடர்ந்து எகிப்தியப் பொருட்கள் மீது ஐரோப்பாவில் ஏற்பட்ட மோகமே இப்பெயருக்குக் காரணம். எழுத்தின் வடிவத்துக்கும் எகிப்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. கேஸ்லன் வார்ப்பகம் ஏறத்தாழ 1816 ஆம் ஆண்டில் செரிஃபே இல்லாத ஓர் எழுத்துக்கும் இதே பெயரைப் பயன்படுத்தியதைப் பார்க்கும்போது, அக்கால வார்ப்பாளர்கள் பெயர் சூட்டுவதில் அவ்வளவு கவனம் காட்டவில்லை என்பது விளங்கும்.

தோற்றம்

ஃபான் தெரு வார்ப்பகம் முன்னர் ராபர்ட் தோர்ன் என்பவருக்கு உரியதாக இருந்தது. 1820 ஆம் ஆண்டில் அவர் இறந்தபின்னர் வில்லியம் தோரோகுட் அதனை ஏலத்தில் வாங்கினார். அச்செழுத்துத் தொழிலில் முன் அனுபவம் இல்லாத தோரோகுட், பரிசுச் சீட்டில் வென்ற பணத்தைக் கொண்டே வார்ப்பகத்தை வாங்கியதாகக் கூறப்படுகிறது. பரிசுச் சீட்டு விளம்பரங்களால் செழித்த ஒரு தொழிலில் இது பொருத்தமான நுழைவே. 1838 ஆம் ஆண்டில் ராபர்ட் பெஸ்லி இதன் பங்காளரானார். தோரோகுட் 1849 இல் ஓய்வு பெற்றபோது நிறுவனம் பெஸ்லியின் பெயருக்கு மாறியது. ஃபாக்சும் அப்போது பங்காளராகச் சேர்ந்தார். பெஸ்லி பின்னர் பொது வாழ்வில் ஈடுபட்டு, 1869 இல் இலண்டன் நகரத் தந்தையாகத் தெரிவு செய்யப்பட்டார்.

1840களில் எகிப்தியன் எழுத்துக்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. சுவரொட்டிகளுக்கு அவை போதுமானவையாகவும் இருந்தன. ஆனால், நூலின் பக்கத்தில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்காட்ட வேண்டிய அச்சகத்தாருக்கு நல்ல வழி இல்லை. அதுவரை இதற்குச் சாய்வெழுத்து, பேரெழுத்து, சிறு தலைப்பெழுத்து ஆகியவற்றையோ, சில வேளைகளில் பழைய கறுப்பெழுத்தையோ பயன்படுத்தி வந்தனர். சாய்வெழுத்து வரியோடு கலந்துவிடும். எகிப்தியனை அதே வரியில் வைத்தால் அதன் கருமை அக்கம்பக்கத்துச் சொற்களை விழுங்கிவிடும். அகராதிகள், பெயர்ப் பட்டியல்கள், விலைப் பட்டியல்கள், தொடர்வண்டி நேர அட்டவணைகள் போன்ற, தொடர்ச்சியாகப் படிப்பதற்கன்றித் தேடிப் பார்ப்பதற்கான அச்சுப் படைப்புக்கள் பெருகி வந்த காலம் அது. இவற்றுக்கு, சாதாரண எழுத்தின் பக்கத்தில் அதே உயரத்தில் நிற்கக்கூடியதும், கண்ணை உடனே இழுக்கக்கூடியதும், ஆனால் பக்கத்தைக் கெடுக்காததுமான ஓர் எழுத்து தேவைப்பட்டது.

கிளாரண்டன் இத்தேவைக்காக உருவாக்கப்பட்டது. துண்டறிக்கையிலோ நூலின் தலைப்புப் பக்கத்திலோ ஒரு சொல்லை எடுப்பாகக் காட்டினாலும் மற்ற வரிகளை அமுக்கிவிடாது என்பதே பெஸ்லி தனது எழுத்துக்காக முன்வைத்த வாதம். எகிப்தியனின் முரட்டுத்தனம் இதில் இல்லை என்றும், நெடுங்காலம் இயந்திரத்தில் அச்சிட்டுத் தேய்ந்து தடித்துப்போன சாதாரண எழுத்தைப் போலவும் இது தோன்றாது என்றும் அவர் விளம்பரம் செய்தார். இன்று கணினியில் சொற்செயலியைப் பயன்படுத்தும் எவரும் ஒரு பொத்தானை அழுத்திச் சொல்லைத் தடித்த எழுத்தாக மாற்றிக்கொள்ளலாம். சாதாரண எழுத்துக்குத் துணையாக ஒரு தடித்த எழுத்து என்ற அந்த எண்ணத்தை அச்சுலகில் நிலைநிறுத்தியதில் கிளாரண்டனுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால், அக்காலத்தில் இவ்விரண்டும் ஒரே குடும்பமாக வடிவமைக்கப்படவில்லை. அச்சகத்தார் தம்மிடம் இருந்த ஏதாவதொரு நூலெழுத்துடன் கிளாரண்டனைச் சேர்த்துக்கொண்டனர்.

கிளாரண்டனின் வடிவம் முற்றிலும் புதியதன்று என்பதையும் குறிப்பிடவேண்டும். செரிஃப்கள் வளைவாக இணையும் இதையொத்த எழுத்துக்களைக் கேஸ்லன் வார்ப்பகம் 1840களின் முற்பகுதியிலேயே "அயோனிக்" என்ற பெயரில் வெளியிட்டிருந்தது. ஆகவே கிளாரண்டன் புகழ் பெற்றதற்குக் காரணம் வடிவத்தைக் கண்டுபிடித்தமை மட்டுமன்று. குறுக்கப்பட்ட அகலமும், செம்மையான வெட்டும், தெளிவாக எடுத்துரைக்கப்பட்ட பயனும் சேர்ந்தே அதற்குப் பெயர் ஈட்டித் தந்தன.

பதிவும் நகல்களும்

எழுத்து ஒன்றை உருவாக்குவது அக்காலத்தில் பெருஞ்செலவு பிடிக்கும் பணியாகும். முதலில் ஒவ்வோர் எழுத்தையும் எஃகுத் துண்டொன்றின் நுனியில், கண்ணாடியில் தெரிவது போல் இடம் வலமாற்றி வெட்டவேண்டும். பின்னர் அந்த எஃகைச் செப்பில் அறைந்து தாய் அச்சு உருவாக்கப்படும். தாய் அச்சிலிருந்து ஈயக் கலப்பு உலோகத்தில் வேண்டிய அளவு எழுத்துக்களை வார்க்கலாம். எஃகில் வெட்டும் வேலையே இவற்றில் மிகக் கடினமானது. ஒவ்வோர் எழுத்தளவுக்கும் அதனைத் தனித்தனியாகச் செய்யவேண்டியும் இருந்தது. ஃபாக்சு செய்தது இந்த வேலையைத்தான்.

1830களின் இறுதியில் மின்முலாம் மூலம் உலோகப் பிரதி எடுக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. இதன் விளைவாக, எஃகில் வெட்டும் உழைப்பு எதுவுமின்றி, கடையில் வாங்கிய ஈய எழுத்தின் மீது செப்பைப் படியவைத்தே தாய் அச்சைப் பெறுவது இயல்வதாயிற்று. ஒருவரின் பல மாத வேலையை வேறொருவர் சில நாட்களில் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை தோன்றியது.

1842 ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் அலங்கார வடிவமைப்புக்களுக்கான பதிப்புரிமைச் சட்டத்தை இயற்றியது. துணி, சுவர்த்தாள், உலோகப் பொருட்கள் போன்றவற்றின் வடிவமைப்புக்களைப் பதிவு செய்ய இச்சட்டம் வழி செய்தது. பெஸ்லி 1845 இல் இச்சட்டத்தின் கீழ்க் கிளாரண்டனைப் பதிவு செய்தார். அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு மூன்று ஆண்டுகள் மட்டுமே. 1848 இல் அது முடிவுற்ற உடனேயே பிற வார்ப்பகங்கள் தத்தம் "கிளாரண்டன்"களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. இவற்றைத் திருட்டு என்றும், எழுத்துக்களின் வெறும் உருவப் பொம்மைகள் என்றும் பெஸ்லி வெளிப்படையாகவே சாடினார். அதனால் எந்தப் பயனும் ஏற்படவில்லை.

இந்த முறையீட்டில் நியாயம் உண்டு என்றாலும், கிளாரண்டனின் பரவலுக்கு நகல்களே காரணம் என்பதையும் மறுக்கமுடியாது. ஒரே நிறுவனத்தின் சொத்தாக இருந்திருந்தால், தடித்த எழுத்துக்கே அதன் பெயர் வழங்கும் நிலை ஏற்பட்டிருக்குமா என்பது ஐயமே. எழுத்து வடிவம் எவருக்குச் சொந்தம் என்ற கேள்வி பெஸ்லியோடு முடிந்துவிடவும் இல்லை. பிரித்தானியாவின் 1988 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்துரு வடிவங்களுக்கு 25 ஆண்டுகள் என்ற தனி வரம்பை வகுத்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவிலோ, எழுத்துரு வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என 1978 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. எழுத்துருக் கோப்பு ஒரு கணினி நிரல் என்ற வகையில் அதற்குப் பாதுகாப்பு உண்டு என 1998 இல் கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று ஏற்றுக்கொண்டது. அதாவது, அந்நாட்டில் கோப்பைப் படியெடுத்தல் குற்றமாகலாம். எழுத்தைப் பார்த்துப் புதிதாக வரைதல் பதிப்புரிமையை மீறுவதாகாது.

வடிவமைப்பு

கிளாரண்டனை மற்றப் பட்டைச் செரிஃப் எழுத்துருக்களிலிருந்து பிரித்துக் காட்டுவது செரிஃப் இணையும் முறையாகும். ஃபிகின்சின் எழுத்துக்களிலும், 20 ஆம் நூற்றாண்டின் ராக்வெல், மெம்ஃபிஸ் போன்றவற்றிலும் செரிஃப் தண்டுக் கோட்டைச் செங்கோணத்தில் சந்திக்கிறது. கிளாரண்டனிலோ, இரண்டும் சேரும் மூலை சிறிய வளைவொன்றால் நிரப்பப்பட்டுள்ளது. தூணின் மேல் உத்தரத்தைத் தாங்கும் போதிகையை ஒத்த அமைப்பு இது. இவ்வளைவே எழுத்தின் கனத்தைக் குறைக்காமல் அதன் முரட்டுத்தனத்தைக் குறைக்கிறது.

இரண்டாவது வேறுபாடு, கோடுகளின் தடிப்பில் மிதமான ஏற்றத்தாழ்வு இருப்பது. நெடுங்கோடுகள் தடித்தும் குறுக்குக் கோடுகள் சற்று மெலிந்தும் உள்ளன. சாதாரண நூலெழுத்தின் அதே தர்க்கம் இது என்பதால்தான், அதன் பக்கத்தில் கிளாரண்டன் அந்நியமாகத் தோன்றுவதில்லை. சிற்றெழுத்துக்களின் உடற்பகுதி உயரமானது; மேலே எழுவனவும் கீழே இறங்குவனவுமான பகுதிகள் குட்டையானவை. சிற்றெழுத்துக்களான ஏ, சி, எஃப், ஆர் ஆகியவற்றின் நுனிகள் உருண்டையான குமிழ்களாக முடிகின்றன. பேரெழுத்து ஆர் இன் வலது கால் வளைந்து இறங்கி, நுனியில் மேல்நோக்கிச் சுருள்கிறது. ஒரு விளம்பரப் பலகை கிளாரண்டனில் உள்ளதா என்று அறிய விரும்புவோர் முதலில் பார்க்கவேண்டியது இந்தக் காலைத்தான்.

1845 ஆம் ஆண்டின் எழுத்து, பின்னாளில் அதே பெயரில் வந்தவற்றைவிட ஒடுக்கமானது. நூல் வரியில் இடத்தை மிச்சப்படுத்த வேண்டியிருந்ததே இதற்குக் காரணமாகலாம். இன்று கிளாரண்டன் என்றதும் நினைவுக்கு வரும் அகன்ற, நிதானமான தோற்றம் பெருமளவுக்கு 1950களின் ஆக்கமாகும். முதல் கிளாரண்டனுக்குச் சாய்ந்த வடிவம் கிடையாது. மீட்டுருவாக்கங்களிற் பலவும் அவ்வாறே அமைந்தன. நூல்களில் இதன் பயன்பாட்டை இக்குறை பெரிதும் மட்டுப்படுத்தியது.

மர எழுத்துக்கள்

சுவரொட்டிக்கான பெரிய எழுத்துக்களை ஈயத்தில் வார்ப்பது கடினம். அவை மிகவும் பாரமானவை. உலோகம் சீராகக் குளிராததால் அச்சுப் பதியும் முகம் குழிந்துவிடுவதும் உண்டு. நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் 1827 இல் மரத்தில் எழுத்துக்களைக் குடைவதற்கான இயந்திர முறையை உருவாக்கினார். வில்லியம் லெவன்வர்த் 1834 இல் இதனுடன் பான்டோகிராஃப் என்னும் படிவரை கருவியை இணைத்தார். இதன் பின்னர், ஒரு மாதிரியைக் கொண்டே எழுத்தை வெவ்வேறு அளவுகளில் வெட்டமுடிந்தது. அமெரிக்க மர எழுத்து உற்பத்தியாளர்கள் கிளாரண்டனை அகட்டியும் நெருக்கியும் எண்ணற்ற வகைகளை உருவாக்கினர்.

இவற்றுள் "பிரெஞ்சுக் கிளாரண்டன்" தனித்துக் குறிப்பிடத்தக்கது. இதில் வழமை தலைகீழாக்கப்பட்டு, செரிஃப்கள் தண்டுக் கோடுகளைவிடத் தடித்தவையாக உள்ளன. எழுத்துக்களின் தலைகளும் அடிகளும் சேர்ந்து வரியின் மேலும் கீழும் இரு கரும் பட்டைகளாகத் தெரியும். சர்க்கஸ் அறிவித்தல்களிலும் அமெரிக்க மேற்குப் பகுதிச் சுவரொட்டிகளிலும் இது மிகுதியாகப் பயன்பட்டது. கௌபாய்த் திரைப்படங்களைப் பார்த்த எவருக்கும், பெயர் தெரியாவிட்டாலும், இவ்வெழுத்துப் பழக்கமானதே.

செய்தித்தாள்களில்

கிளாரண்டன் வகையின் மறுகிளையான அயோனிக், எதிர்பாராத இடமொன்றில் நிலைபெற்றது. செய்தித்தாள்கள் மலிவான தாளில், மிகுந்த வேகத்தில், உருளை வடிவத் தகடுகளிலிருந்து அச்சிடப்பட்டன. மயிரிழைக் கோடுகள் கொண்ட எழுத்துக்கள் இதைத் தாங்கவில்லை. கோடுகள் உடைந்தன, உள்வெளிகள் மையால் அடைபட்டன. லினோடைப் நிறுவனம் 1925 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய "அயோனிக் எண் 5", உறுதியான செரிஃப்களையும் திறந்த உள்வெளிகளையும் கொண்டு இதற்குத் தீர்வு அளித்தது. 1931 இல் வெளிவந்த எக்செல்சியர் போன்ற பல செய்தித்தாள் எழுத்துருக்கள் இவ்வழியில் தோன்றின. தடித்துக் காட்டுவதற்காகப் பிறந்த ஒரு வடிவத்தின் மெலிந்த உறவினரே, இவ்வாறு நாள்தோறும் படிக்கப்படும் சிறிய எழுத்தாயிற்று.

மீட்டுருவாக்கம்

1920களின் இறுதியில் பட்டைச் செரிஃப்களுக்கு மீண்டும் மதிப்பு ஏற்பட்டது. ஆனால், அப்போது வந்த மெம்ஃபிஸ் (1929), சிட்டி (1930), ராக்வெல் (1934) ஆகியவை வடிவகணித எழுத்துருக்கள். கிளாரண்டனின் முறை வர மேலும் இருபது ஆண்டுகள் சென்றன.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அண்மையில் இருந்த ஹாஸ் வார்ப்பகத்துக்காக ஹெர்மன் ஐடன்பென்ஸ் 1950களின் தொடக்கத்தில் புதிய கிளாரண்டனை வரைந்தார். சுவிஸ் 10, 20 பிராங்குத் தாள்களை (1956) வடிவமைத்தவரும் இவரே. இப்பணியில் அவருக்குத் துணை நின்ற வார்ப்பகத் தலைவர் எடுவார்ட் ஹாஃப்மன், சில ஆண்டுகளின் பின் ஹெல்வெட்டிக்கா உருவாவதற்கும் காரணமாக இருந்தார். தொழிற்புரட்சிக் காலத்துப் பழைய எழுத்துக்களைத் துப்புரவாக்கி மீண்டும் வழங்குவது என்ற ஒரே அணுகுமுறையை இவ்விரண்டிலும் காணலாம். அமெரிக்காவில் ஃப்ரீமன் க்ரா 1955 இல் வடிவமைத்த "க்ரா கிளாரண்டன்" அந்நாட்டு விளம்பரங்களில் பெரும் செல்வாக்குப் பெற்றது. ஃபான் தெரு வார்ப்பகத்தின் உடைமைகள் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷெஃபீல்டு நகரின் ஸ்டீவன்சன் பிளேக் நிறுவனத்தை அடைந்திருந்தன. அந்நிறுவனமும் 1950களில் பழைய எழுத்தைக் "கன்சார்ட்" என்ற பெயரில் மீண்டும் வெளியிட்டது. இவ்வாறு, மூல எழுத்தின் நேரடி வாரிசு வேறு பெயரிலும், புதிதாக வரையப்பட்டவை பழைய பெயரிலும் விற்கப்பட்டன.

பிற பயன்பாடுகள்

ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் பூங்காச் சேவை, பூங்காக்களின் சாலை வழிகாட்டிப் பலகைகளில் நீண்ட காலம் கிளாரண்டனைப் பயன்படுத்தியது. பழுப்புப் பின்னணியில் வெண்ணிறக் கிளாரண்டன் எழுத்துக்கள் பயணிகளுக்கு அப்பூங்காக்களின் அடையாளமாகவே ஆகிவிட்டன. ஆனால், ஒளியைத் திருப்பி வீசும் பலகையில், இரவில் வண்டி விளக்கு படும்போது எழுத்தின் ஒளி கசிந்து உள்வெளிகளை நிரப்பிவிடும். குறுகிய உள்வெளிகளைக் கொண்ட தடித்த எழுத்துக்களுக்கு இது பெருங்குறை. அத்துடன் அகன்ற எழுத்து பெரிய பலகையையும் கோருகிறது. இதனால் 2000களில் ஜேம்ஸ் மான்டல்பானோ வடிவமைத்த ராலின்சன் ரோட்வே என்னும் எழுத்துரு கிளாரண்டனின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது.

1973 முதல் பயன்பாட்டில் உள்ள சோனி நிறுவனத்தின் பெயர்ச் சின்னம் கிளாரண்டன் சாயல் கொண்டது. நான்கே எழுத்துக்கள் கொண்ட அப்பெயருக்கு, அகன்ற பட்டைச் செரிஃப்கள் ஓர் இயந்திரத் தகட்டின் உறுதியைக் கொடுக்கின்றன.

எண்ணிம வடிவங்கள்

கணினிகளில் கிடைக்கும் கிளாரண்டன்கள் பெரும்பாலும் ஹாஸ் வடிவத்தை அடியொற்றியவை. சாய்வெழுத்து இல்லாத குறையைப் போக்கும் நோக்குடன் ஹோஃப்லர், ஃப்ரேர்-ஜோன்ஸ் ஆகியோரின் நிறுவனம் 2009 இல் "சென்டினல்" என்னும் எழுத்துருவை வெளியிட்டது. 1845 ஆம் ஆண்டின் வடிவத்தைத் தழுவிய கட்டற்ற எழுத்துரு ஒன்றும் உள்ளது. எவரும் விலையின்றிப் பயன்படுத்தவும், மாற்றவும், படியெடுக்கவும் கூடிய இவ்வெழுத்துருவுக்குச் சூட்டப்பட்டுள்ள பெயர் "பெஸ்லி" என்பதாகும்.